பச்சை வரிசையில் ஒரு காது

மலேசிய அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் வாசலிலேயே நிறம் பிரித்துவிடுவார்கள். மூச்சுத் திணறுபவரும் நினைவு தப்பியவரும் சிவப்புக்குப் போவார்கள். தாமதித்தால் நிலைமை கெடக்கூடியவர்கள் மஞ்சளுக்கு. நடந்து வந்து தன் பெயரையும் நோயையும் தன் வாயாலேயே சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் பச்சைக்கு. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நெஞ்சுவலிக்காரர் சளிக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தே உயிரை விடுவார். ஆகவே பிரிக்கும் முறையின் மீது எனக்குப் புகார் இல்லை. என் கவலை, வலியோ ரத்தமோ காய்ச்சலோ இல்லாமல் அந்த வாசலுக்கு வந்து சேரும் ஒரு நோயைப் பற்றியது. காலையில் எழுந்தேன், ஒரு காது கேட்கவில்லை. வந்தவர் சொல்ல இருப்பது அவ்வளவுதான். அந்தக் காதுக்கு ஒரு கெடு விதிக்கப்பட்டிருக்கிறது, அது நாள்கணக்கில் குறைந்துகொண்டிருக்கிறது என்பது அவரைப் பார்த்தால் தெரியாது.

மருத்துவம் இதைத் திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்பு என்கிறது. 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதி அலைவரிசைகளிலாவது 30 டெசிபலுக்குக் குறையாமல் கேட்கும் திறன் விழுந்திருக்க வேண்டும் என்பது அதன் வரையறை. எதிரே உட்கார்ந்து இயல்பாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். காதோடு கிசுகிசுப்பது சுமார் 30. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரே இரவில் காணாமல் போகிறது. பெரும்பாலும் ஒரு காதில் மட்டும். கூடவே பெரும்பாலோருக்கு இரைச்சல் வருகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தலைசுற்றலும் வருகிறது. பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. வைரஸ், உள்காதுக்குப் போகும் ரத்த ஓட்டத்தில் தடை, உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்குவது என்று ஊகங்கள் உண்டு.

2024 ஜூனில் இந்திப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து இறங்கி நடந்தபோது திடீரென எதுவும் கேட்காமல் போனதாகப் பொதுவில் அறிவித்தார். வைரஸ் தாக்கத்தால் வந்த நரம்புவழி இழப்பு என்று மருத்துவர்கள் சொன்னதாகவும் எழுதினார். காதாலேயே வாழ்ந்த ஒருவருக்கு வந்ததால் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதே நோய் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு லாரி ஓட்டுநருக்கோ பள்ளிக் கேண்டீனில் சமைக்கும் அக்காவுக்கோ வந்தால் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரிவதில்லை. அமெரிக்கக் கணக்கு ஆண்டுக்கு லட்சம் பேரில் 5 முதல் 27 பேர் வரை என்கிறது. பேராக்கின் மக்கள்தொகை சுமார் 25 லட்சம். அதே விகிதத்தை இங்கே வைத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 125 முதல் 675 பேர் வரை வரும். இது என் பெருக்கல் கணக்குதான், எண்ணி எடுத்த தொகை அல்ல. ஆனாலும் இதை அபூர்வ நோய் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இந்த அளவு போதும்.

பேராக்கிலுள்ள தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊரிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு, அதாவது ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு, ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். காரில் அரை மணி நேரம். நோயாளி அங்கே போய்ச் சேரப் பல நாள் ஆகிறதென்றால் அது சாலையின் குற்றமாக இருக்க முடியாது.

"காது அடைச்சிருக்கு." எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். உள்ளே நரம்பு செயலிழந்தாலும் அழுக்கு அடைத்தாலும் சளி கட்டினாலும் உணர்வு ஒன்றே. ஆகவே முதல் நாள் காதைக் குடைவது. மறுநாள் நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி இரண்டு சொட்டு. மூன்றாம் நாள் மருந்துக்கடையில் அழுக்கை இளக்கும் சொட்டு மருந்து. அதிலும் கேட்காவிட்டால் தனியார் கிளினிக். அங்கே சளி மாத்திரையும் ஆண்டிபயாட்டிக்கும். ஒரு வாரம் இப்படியே போய்விடும். பூண்டெண்ணெய் போட்ட பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காது வலிக்கு அவர் கைகண்ட வைத்தியம் அது. இது வேறு நோய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இந்தப் பொறுமைக்குத் தோட்ட வரலாற்றிலும் ஒரு வேர் இருப்பதாக நினைக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களைக் காலி செய்துகொண்டிருந்தது மலேரியா. காட்டை வெட்டிய இடத்தில் வெயில்பட்ட ஓடைகளில் கொசு பெருகியது. கப்பலில் வந்து இறங்கிய தமிழ்த் தொழிலாளர் கொத்துக் கொத்தாக மடிந்தனர். கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்சன் சதுப்புகளை வடித்தும் ஓடைகளைச் சீர்செய்தும் கொசுவை ஒழிக்கும் வழியைக் காட்டினார். 1911இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். வடிகால் வெட்டுவதற்குப் பணம் வேண்டும், காலமும் வேண்டும். அதுவரைக்கும் தோட்டத்துக்குக் கிடைத்தது கொயினா. காலைப் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் வேளையில், வரிசையாக நிற்கவைத்து விழுங்க வைத்த அந்தக் கசப்பைத் தாத்தாமார்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கொயினா உள்காதைத் தொடும் மருந்து. அளவு ஏறினால் காது இரையும், கேட்பது மங்கும், தலை சுற்றும், குமட்டும். காது இரைய ஆரம்பித்தால் மருந்து உடம்பில் ஏறிவிட்டது என்று அக்கால மருத்துவர்களே எடுத்துக்கொண்டார்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாளில் காது திரும்பிவிடும். தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்தின் உடம்பு இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: காது இரைந்தால் பயப்பட வேண்டாம், தானே சரியாகும். இதற்கு ஆவணச் சான்று என்னால் காட்ட முடியாது. என் ஊகமாகவே வைக்கிறேன். ஆனால் தஞ்சோங் ரம்புத்தானை அடுத்த செம்மோர், சங்காட் கிண்டிங் பக்கத்து முதியவர்கள் காது இரைச்சலைப் பற்றிப் பேசும் அலட்சியத்தைக் கேட்டால், அது வெறும் அலட்சியமாக எனக்குப் படவில்லை. ஒருகாலத்தில் உண்மையாக இருந்த அனுபவம்தான் அதில் பேசுகிறது.

போருக்குப் பிறகு காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அது உயிரைக் காப்பாற்றியது. சிலரின் காதையும் நடையின் நிதானத்தையும் எடுத்துக்கொண்டது. கொயினாவைப் போல அது எடுத்ததைத் திருப்பித் தரவில்லை. உள்காதின் நத்தைச் சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புக்குப் புரியும் மின்குறிப்பாக மாற்றுபவை அவை. பறவைகளுக்கு இவை அழிந்தாலும் மீண்டும் முளைப்பதை 1988இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதருக்கு முளைப்பதில்லை. காது தானே திரும்பும் என்ற பழைய பாடம் சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. இந்தக் காது எந்த வகை என்பதை முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது.

தோட்டம் இருந்தவரை, அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் இருந்தார். அவரிடம் இருந்த மருந்து கொஞ்சம், படிப்பும் கொஞ்சம். ஆனால் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாருக்கு எப்போதிலிருந்து என்ன என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் தாமான் எனும் புதிய குடியிருப்புகளுக்கும் இடம் விட்டபோது அந்த முதல் வாசல் மறைந்தது. இன்று 1 ரிங்கிட் கட்டினால் அரசு சுகாதார கிளினிக்கில் மருத்துவரையே பார்க்கலாம். மருத்துவம் பல மடங்கு மேலானது. நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது இது என்று நோயாளியை முன்பின் தெரிந்து சொல்லும் ஆள்தான் அங்கே இல்லை.

தஞ்சோங் ரம்புத்தானுக்கென்றே இன்னொரு தடையும் உண்டு. 1911இல் மலாய் கூட்டு மாநிலங்களுக்கான மனநோய்க் காப்பகம் இங்கே திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. நூறாண்டுக்கும் மேலாக மலேசியாவின் எந்த மூலையிலும் ஒருவரைப் பைத்தியம் என்று கேலி பேச இந்த ஊர்ப் பெயரே போதுமானதாக இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் வெளியூரில் சொந்த ஊரைச் சொல்லும்போது எதிரே எழும் சிரிப்பைப் பழகிக்கொண்டவர்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு நள்ளிரவில் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது, ரைஸ்மில் ஓடுகிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வார்? வேறு யாருக்கும் கேட்காத சத்தம் எனக்குக் கேட்கிறது என்ற வாக்கியத்தை வாயைத் திறந்து சொல்ல எந்த ஊரிலும் கூச்சம் உண்டு. இங்கே அந்தக் கூச்சத்துக்கு முகவரியே இருக்கிறது.

காது இரைச்சலும் மனநோயும் வேறு வேறு என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். உள்காதிலிருந்து குறிப்பு வருவது நின்றதும் மூளையின் செவிப்புலப் பகுதி தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டலில் எழுவதே இரைச்சல் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அதில் சொற்கள் இருப்பதில்லை. அது கட்டளையிடாது, பெயர் சொல்லி அழைக்காது, திட்டாது. நாள்பட்டுக் காது கேளாத முதியவர் சிலருக்குப் பழைய பாட்டு ஒலிப்பது உண்டு. அதுவும் மனநோய் ஆகாது. மனநோயில் கேட்பவை பெரும்பாலும் குரல்கள்.

இதிலே மிகவும் வதைக்குள்ளாகக் கூடியவர் ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர். அவர் காதில் சத்தம் என்று சொன்னால் கேட்பவர் மனம் உடனே பழைய நோய்க்குப் போய்விடும். மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று யோசிக்கும். உடல்நோயை மனநோய் மறைத்துவிடும் இந்த ஆபத்து உலகெங்கும் மருத்துவர்களால் பதிவுசெய்யப்பட்டது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி எளியது: சத்தம் ஒரு காதிலா, இரண்டிலுமா? அந்தக் காதில் போனை வைத்தால் பேச்சு கேட்கிறதா?

அடுத்த சோதனையை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று தாழ்ந்த குரலில் முனக வேண்டும். சத்தம் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது என்று கவனிக்க வேண்டும். கேளாத காதிலேயே பலமாகக் கேட்டால் அநேகமாக அடைப்பு: அழுக்கு, சளி, நீர். உள்காது நன்றாக இருக்கிறது. எலும்பு வழியே வரும் ஒலியை அது வாங்கிக்கொள்கிறது. வெளிச்சத்தம் தடைபட்டிருப்பதால் அது பெரிதாகவும் தோன்றுகிறது. நல்ல காதின் பக்கம் ஒலி ஒதுங்கினால் நரம்புவழி இழப்பாக இருக்கக்கூடும். அன்றைக்கே கிளம்ப வேண்டும். விரலால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு முனகிப் பார்த்தால் பொத்திய பக்கம் ஒலி பெருகுவது தெரியும்; விஷயம் அதிலேயே விளங்கிவிடும்.

ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் 1834இலும் ஹைன்ரிக் அடால்ஃப் ரின்னே 1855இலும் விவரித்த இசைக்கவைச் சோதனைகளின் தத்துவமும் இதுதான். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைப்பது வேபர் சோதனை. காதுக்குப் பின்னுள்ள எலும்பிலும் காதுத் துளைக்கு எதிரிலும் மாற்றி மாற்றி வைப்பது ரின்னே சோதனை. இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிடம். மின்சாரம் வேண்டாம், ஒலிப்புகா அறை வேண்டாம். முன்பே ஒரு காது மந்தமாக இருந்தவரிடமும் இரு காதும் ஒன்றாக விழுந்தவரிடமும் இது குழப்பும். ஆகவே இதை முடிவாகக் கொள்ளக் கூடாது. இருந்தும், ஸ்கேன் எந்திரம் நிற்கும் கட்டடத்தில் ஒரு இசைக்கவையைத் தேடி அலைய வேண்டியிருந்தால் அதைப் போல வருத்தமான காட்சி வேறில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2012இல் வெளியிட்டு 2019இல் புதுப்பித்த வழிகாட்டி, முதலில் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடி என்கிறது; எல்லாருக்கும் தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்காதே என்றும் சொல்கிறது. எம்ஆர்ஐ பின்னால் வரும்: செவி நரம்பில் மெல்ல வளரும் கட்டி ஒன்று சிலருக்கு இப்படித்தான் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும்.

அவசரப் பிரிவு மருத்துவர் அந்தக் கணமே கேட்க வேண்டிய வேறு கேள்விகள் உண்டு. உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி மிக மெல்லியது. அது அடைத்தால் மாற்று வழி கிடையாது. அது பெரும்பாலும் சிறுமூளைக்கு முன்புறமாகப் போகும் தமனியின் கிளை. அந்தத் தாய்த் தமனி அடைபட்டால் காதும் போகும், பக்கவாதமும் வரும். சிலருக்குச் சில நாள் முன்னதாகவே காது மட்டும் விழுந்து எச்சரிக்கிறது. ஆகவே காது போனதோடு கடும் தலைசுற்றல், நடை தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது, முகம் கோணுவது, நாக்குக் குழறுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவருக்குப் பச்சை பொருந்தாது. காது மடலில் கொப்புளமும் முகவாதமும் சேர்ந்தால் அக்கி வைரஸ். இரண்டு காதும் ஒன்றாக விழுந்தால் மூளைக்காய்ச்சல், மருந்தின் நஞ்சு, எதிர்ப்பாற்றல் நோய், சிபிலிஸ் என்று தேட வேண்டும்.

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டி இதை நேரக்கணக்காகவே சொல்லிவிட்டது: மூன்று நாளுக்குள் திடீரென விழுந்து, விழுந்து 30 நாளுக்குள் வந்தவரை நிபுணர் 24 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும்.

சிகிச்சை என்பது பெரும்பாலும் ஸ்டீராய்ட். பிரெட்னிசொலோன், உடல் எடைக்கு ஏற்ப நாளுக்கு 60 மில்லிகிராம் வரை, ஒன்று இரண்டு வாரம், பிறகு படிப்படியாகக் குறைப்பது. 5 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தால் ஒரே வேளையில் 12 மாத்திரை. உள்ளங்கையில் அத்தனையைப் பார்த்ததும் பாதியாக்கிக்கொள்ளத் தோன்றுவது இயல்பு. மருந்து கொடுப்பவர் அங்கேயே அதை விளக்காவிட்டால் சிகிச்சை மருந்துச் சீட்டோடு நின்றுவிடும்.

இந்த மருந்துக்குப் பின்னாலுள்ள ஆதாரம் எவ்வளவு திடமானது என்பதையும் மறைக்கக் கூடாது. 1980இல் வில்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் ஸ்டீராய்ட் எடுத்தவர்களில் 61 சதவீதத்தினர் தேறினர்; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதத்தினர். ஆய்வு சிறியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே தெளிவைத் தரவில்லை. அளவைக் கூட்டினால் பலன் கூடுமா என்று ஜெர்மனியில் முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த பரிசோதனையின் முடிவு 2023 இறுதியில் வந்தது: கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. 2011இல் அமெரிக்காவில் 250 பேரிடம் நடந்த ஆய்வு, செவிப்பறை வழியே ஊசியாகச் செலுத்தும் ஸ்டீராய்ட் வாய்வழி மருந்துக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. ஆக, மூன்றில் ஒருவராவது மருந்தில்லாமலே தேறுகிறார்; மருந்து இன்னும் சிலரைத் தேற்றக்கூடும்; முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அந்த வாய்ப்பு. தாமதமாக வந்தவருக்கு இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை ஊசி ஒரு வழி. அதற்கப்பால் மருத்துவத்தின் கை பெரும்பாலும் வெறுங்கைதான். நிச்சயமில்லாத பலனுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று கேட்கலாம். ஆறு வாரம் கழித்து வந்தவருக்கு நிச்சயமில்லாத அந்தப் பலன்கூட இல்லை என்பதே என் பதில்.

ஸ்டீராய்டோடு சேர்த்து, உயரழுத்த அறையில் பிராணவாயு சுவாசிக்க வைப்பதையும் அமெரிக்க வழிகாட்டி ஒரு தெரிவாக ஏற்கிறது. பேராக்கிலேயே லூமுட் கடற்படைத் தளத்து இராணுவ மருத்துவமனையில் முக்குளிப்பவர்களுக்கான அத்தகைய வசதி உண்டு. தினமும் போய்வர வேண்டியிருக்கும் என்பதால் நாள்கூலிக்காரருக்கு அது எளிதல்ல.

நம்மவர்களுக்கு ஸ்டீராய்டில் தனிச் சிக்கல் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 சதவீதத்தினருக்கு. ஏறத்தாழ மூன்றில் ஒருவர். 60 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் அவர்களின் சர்க்கரையை மளமளவென ஏற்றிவிடும். அதற்காக மருந்தே வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதும் தவறு, கண்காணிப்பில்லாமல் கையில் கொடுத்து அனுப்புவதும் தவறு. சர்க்கரையைத் தினமும் பார்த்து இன்சுலினை மாற்றலாம். செவிப்பறை ஊசியாகவே தொடங்கினால் உடலுக்குள் ஏறுவது மிகக் குறைவு. தன் நீரிழிவை நோயாளி முதலிலேயே சொல்லிவிட்டால் மருத்துவருக்கு வேலை பாதி. இதே மருந்து தூக்கத்தையும் மனநிலையையும் கலைக்கும் என்பதையும் வீட்டாரிடம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஊரில் அதற்கும் வேறு பெயர் வைத்துவிடுவார்கள்.

இரைச்சலில் வேலை செய்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈயம் தோண்டும் கப்பல், பலகை ஆலை, ரப்பர் தொழிற்சாலை, சுண்ணாம்புக்கல் உடைக்கும் குவாரி என்று கிந்தா பள்ளத்தாக்கு காதைத் தின்ற தொழில்களின் பூமி. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு இரு காதிலும் ஏறத்தாழ ஒரேபோல, ஆண்டுக்கணக்கில், மெல்ல வரும். இருபது ஆண்டு குவாரியில் வேலை பார்த்தவருக்கு ஒரே இரவில் இடது காது மட்டும் போனால் அது குவாரியின் பழைய கணக்கில் சேராது. ஆனால் அவரும் வீட்டாரும், சில நேரம் மருத்துவரும்கூட, அதில்தான் எழுதிவிடுகிறார்கள். "இவருக்கு ஏற்கெனவே காது மந்தம்தானே" என்ற ஒரு வாக்கியத்தில் இரண்டு வாரக் கெடுவும் கரைந்துவிடும்.

தேறாதவர்கள் மிச்சமிருக்கும் ஒற்றைக் காதோடு வாழப் பழக வேண்டும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளில் போகும்போது பின்னால் வரும் லாரி எந்தப் பக்கம் என்பதும் தெரியாது. திருமண மண்டபத்தில், கோயில் திருவிழாவில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கலங்கிவிடும். கேளாத பக்கத்து ஒலியை நல்ல காதுக்குக் கடத்தும் கருவிகள் உண்டு. சிலருக்கு உள்காதில் பொருத்தும் கருவியும் உண்டு. சிகிச்சை முடிந்ததும் ஒருமுறை, ஆறு மாதத்துக்குள் இன்னொருமுறை கேள்திறனை அளந்து பார்க்கச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டி. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு பணியிட இரைச்சல் விதிகள் ஒரு நாளின் சராசரி 85 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன. அந்த எல்லை இரண்டு காது உள்ளவரை மனத்தில் வைத்துப் போட்டதாகவே எனக்குப் படுகிறது. குவாரிக்குத் திரும்பும் ஒற்றைக் காதுக்காரரைக் கல்லுடைக்கும் எந்திரத்தின் பக்கத்திலிருந்து மாற்றச் சொல்லி முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி, கடைசிச் சந்திப்பில் அவர் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.